ஏழு நிமிடம்

"எல்லா சர்வரும் ஒரே மணிதானுங்க காட்டுது? அப்புறமென்ன தப்பு?" என்றார் பனியன் கம்பெனி மேலாளர் லிங்கசாமி.

"எல்லாம் ஒரே மெயின் மெஷினுக்குள்ள ஓடுது சார். அதோட கடிகாரமே ஏழு நிமிஷம் முந்தி ஓடுது. வருகைப் பதிவும் அந்த மணியைத்தான் எடுக்குது. லேட்டுன்னு நீங்க நிறுத்தின டெய்லர் சீனிச்சாமி, நேரத்துக்குத்தான் வந்திருக்காரு" என்றாள், வெளியிலிருந்து வந்து கணினிகளைப் பராமரிக்கும் அனுசுயா.

"அடப் பாவமே! நாளைக்கே வரச் சொல்லு கண்ணு."

"அவர் லேட்டா வரலைன்னு ஒரு லெட்டர் போதும் சார்."

"ஏன், வரமாட்டாராமா?"

அனுசுயா மெஷினின் கடிகாரத்தைத் திருத்தினாள்.

சீனிச்சாமியின் பதினாறாம் நாள் காரியம் நேற்றுத்தான் முடிந்திருந்தது. வேலை போன அன்று, "நேரத்துக்குத்தான் போனேன் தாயி" என்று மன்றாடிய அப்பாவை, "நான் வச்ச சர்வர் தப்பா மணி காட்டாதுப்பா" என்று சொல்லி வாயடைக்க வைத்தவள் அவள்தான்.