புகை குடித்த ஷிராஸ்

அவுஸ்திரேலியாவின் ஹன்டர் பள்ளத்தாக்கில் வெயில் நல்லாத்தான் எறிக்கிறது. ஷிராஸ் திராட்சைக் குலைகள் கறுத்துத் திரண்டு தொங்குகின்றன. பார்த்தால் ஒரு குறையும் சொல்லமாட்டீர்கள். காடு எரிந்த புகைதான் தோலுக்குள் போய்க் குந்திவிட்டது. வெள்ளை வைன் என்றால் சாற்றைப் பிழிந்துவிட்டுத் தோலை எறியலாம். சிவப்பு வைனுக்கு நிறமே தோலிலிருந்துதான் வரவேண்டும், அதனால் தோலோடுதான் ஊறவைக்கிறார்கள். ஊறவைத்துப் பார்த்ததில் அணைந்த அடுப்பு மணக்கிறது. குத்தகைக்கு எடுத்த தோட்டத்தின் முதல் அறுவடையை றெஜினோல்ட் நிலத்திலேயே வெட்டி விழுத்துகிறார். கத்தரி கடிக்கிறது, குலை பொத்தென்று மண்ணில் விழுகிறது, திரும்பவும் கடிக்கிறது. பின்னால் மனைவி பேர்ள் ஒரு பிளாஸ்டிக் கூடையோடு வருகிறாள், தோட்டம் பார்க்க வந்த நானும் அவளோடு. மன்னார் ஆட்களுக்கு முதல் பலன் கோயிலுக்குத்தான்.

"ஒரு குலை தாங்கோவன், மாதாவுக்கு."

"விக்கேலாத சாமானை மாதாவின்ர தலையில கட்டப்போறீரே?"

"தின்ன நல்லாத்தானே இருக்கு. அன்ரியைக் கேளுங்கோ."

ஒரு பழத்தைப் பிய்த்து என்னிடம் நீட்டுகிறாள். வாயில் போடுகிறேன். தேன்தான்.

"ஓம் தம்பி, நல்ல இனிப்பு," என்கிறேன்.

கத்தரி நிற்கிறது. றெஜினோல்ட் கொடி கொடியாகப் பார்த்துக்கொண்டு போய், எல்லாவற்றிலும் வடிவான குலையை வெட்டுகிறார். சருகைத் தட்டி, ஊதி, கூடைக்குள் மெதுவாக வைக்கிறார்.

"அவாவிட்டச் சொல்லும், சும்மா சாப்பிடட்டாம். வைன் மட்டும் போடவேண்டாமாம்."

பேர்ள் சிரிக்கப் பார்க்கிறாள், வாய் கோணிக்கொண்டு போகிறது. அவர் அடுத்த கொடிக்குக் குனிகிறார்.