பூட்ஸை அனுப்பவும்

“செண்பகராஜை விட்டுட்டாகளாம், அண்ணாச்சி.”

தந்தியைப் படித்துவிட்டுச் சாமித்துரை சொன்னார். பருத்திக் கமிஷன் கடைக் குமாஸ்தா அவர். அந்தத் தெருவுக்கு இங்கிலீஷில் எது வந்தாலும் அவர் கண்ணில் பட்ட பிறகுதான் மற்றவர்களுக்கு விளங்கும்.

“எடுக்கலையா?” டீக்கடை பெஞ்சில் இருந்த வன்னியபெருமாள் கேட்டார்.

“எடுக்கலை.”

அவர் மகன் செண்பகராஜ் மெட்ராஸ் போய் நாலு நாள் ஆகிறது. ரயில்வே ஹாக்கி டீமுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று உள்ளூர் டீம் கேப்டன்தான் அழைத்துப் போயிருந்தார். எடுத்தால் வேலையும் உண்டு. எடுக்காவிட்டால் சொந்த ஊர் பசுவந்தனைக்குத் திரும்பி ஏர் பிடிக்க வேண்டும், அப்புறம் மட்டையைத் தொடக்கூடாது. அப்பனும் மகனும் கற்பூரத்தை அணைத்துப் பேசிக்கொண்ட பேச்சு அது.

“வேற என்ன போட்டிருக்கு?”

“பூட்ஸை அனுப்பச் சொல்லியிருக்கு. கேப்டன் இரவல் குடுத்த பூட்ஸ்லா? திருப்பிக் கேக்காரு போல.”

வன்னியபெருமாள் துண்டை உதறித் தோளில் போட்டார். “சரி, முடிஞ்சுது. உடனே பொறப்பட்டு வான்னு பதில் தந்தி எழுதுங்க. மழை விழுந்தாச்சு, விதைப்புக்கு ஆள் வேணும்.”

போன ஞாயிற்றுக்கிழமை மாட்டுச் சந்தைக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு, மைதானத்து வேலியோரம் நின்று மகன் ஆட்டத்தைப் பார்த்த மனுஷன்தான் இவர். ஆசை இல்லாமலா?

டீ ஆற்றிக்கொண்டிருந்த அல்லாபிச்சை குவளையை டப்பென்று வைத்தார். கடை அவருடையது. இங்கிலீஷ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. ஆனால் சீசன் தொடங்கி ரெண்டே மேட்சில் பதினொரு பேரையும் புட்டுப் புட்டு வைத்துவிட்டவர்.

“பொறுங்க அண்ணாச்சி. நம்ம டீம்ல விடுததுக்கு வேற ஆளா இல்ல? கோல் காக்குற உச்சிமாகாளி பந்து உள்ள போன பெறகுதான் காலைத் தூக்குதான். மாடக்கண்ணு ரைட் அவுட்டாம். வலது கோட்டோரமே ஓடணும்லா? பத்தடி ஓடுமுன்ன அவனுக்கு மூச்சு இரைக்கி. சோலைச்சாமி பந்து கிடைச்சா பெத்த பிள்ளை கணக்கா அணைச்சுக்கிட்டு நிக்கான், ஒருத்தனுக்கும் தரமாட்டான். ஆட்டம் தெரிஞ்சவன் உங்க மகன் ஒருத்தன்தான்.”

“பெறகு ஏன் விட்டாக?”

“நிறுத்துத எடம் சரியில்ல. நடுக் கூட்டத்துக்குள்ள விட்டு நசுக்குதாக. இடது கோட்டோரம் விடுங்க, பய பறப்பான்னு கேப்டன்கிட்ட கரடியாக் கத்துனேன். டீயைப் பாரும் பாய்ன்னுட்டாரு.”

சாமித்துரை சிரித்தார். அவருக்கு ஹாக்கி என்றாலே வேப்பங்காய். “மெட்ராஸ்காரனும் ஆட்டத்தைப் பாத்துத்தான் விட்டிருப்பான் பாய்.”

பையிலிருந்து தந்திப் படிவத்தை எடுத்து மளமளவென்று எழுதினார். “‘உடனே புறப்படு. அப்பா.’ சரிதான அண்ணாச்சி? அஞ்சு மணிக்குள்ள குடுத்தா ராத்திரி ரயிலுக்கே ஏறிருவான்.”

வன்னியபெருமாள் தலையை மட்டும் அசைத்தார். கடிகாரத்தில் மணி நாலே முக்கால்.

அல்லாபிச்சை ஆணியில் தொங்கிய பூட்ஸை எடுத்தார். செண்பகராஜ் அதைப் போட்டு ஆடியதே இல்லை. கரிசலில் வெறுங்காலோடு ஓடிப் பழகியவன், கடிக்கிறது என்று இங்கேயே மாட்டிவிட்டுப் போய்விட்டான். பழைய பேப்பரில் சுற்றப் போனவர் பாதியில் நின்றார்.

“சார், ஒரு சந்தேகம். கேப்டன் நாளைக் கழிச்சு ஊருக்கு வாராரு. பூட்ஸு இங்கனதான கிடக்கு. வந்து எடுத்துக்கிடாம, மெட்ராஸுக்கு எதுக்கு அனுப்பச் சொல்லுதாரு?”

“அதை என்கிட்டக் கேட்டா?” சாமித்துரை படிவத்தைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு சைக்கிளில் ஏறினார்.

அல்லாபிச்சை ஓடிப்போய் ஹேண்டில்பாரைப் பிடித்தார்.

“கையை எடும் பாய், நேரமாகுது!”

“அந்தத் தந்தியை இன்னொரு மட்டம் படிங்க. தமிழ்ல வேண்டாம். இங்கிலீஷ்ல என்ன கிடக்கோ, அப்படியே படிங்க.”

“இங்கிலீஷ்ல படிச்சா உமக்கு என்னவே வெளங்கும்?”

“படிங்கன்னா படிங்க!”

தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வன்னியபெருமாளும் பெஞ்சை விட்டு எழுந்து வந்துவிட்டார். சாமித்துரை எரிச்சலோடு தந்தியைப் பிரித்து, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி வாசித்தார்.

“செண்பகராஜ். லெஃப்ட். அவுட். சென்ட். பூட்ஸ். லெஃப்ட் அவுட்டுன்னா விட்டுட்டாகன்னு அர்த்தம். போதுமா?”

அல்லாபிச்சை குமாஸ்தாவின் சட்டைப் பையிலிருந்த படிவத்தை உருவி, நாலாகக் கிழித்து அடுப்பில் போட்டார். பூட்ஸைக் கொண்டுவந்து வன்னியபெருமாளின் ரெண்டு கையிலும் வைத்தார். பிறகுதான் குமாஸ்தா பக்கம் திரும்பினார்.

“அது இங்கிலீஷ் இல்லவே, ஹாக்கி! பையனை இடது கோட்டோரம் எறக்குதாக!”