எரர் போயிடுச்சு

“மூணு நாளா நீ மல்லுக்கட்டினதை அவன் அரை மணி நேரத்துல முடிச்சுட்டான். கொஞ்சமாவது வெட்கமா இல்லை உனக்கு?”

டைரக்டர் எல்லார் முன்னாடியும் அப்படிக் கேட்டதும் அவளுக்கு முகம் சுண்டிப்போனது.

வெள்ள முன்னறிவிப்பு மையத்தில் அவள் புரோகிராமர். புது புரோகிராமின் தொடக்க விழா அன்று மாலை. டி.வி.யில் நேரடி ஒளிபரப்பு வேறு.

ஆற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஆளுக்கொரு துண்டாகப் பல கம்ப்யூட்டர்களிடம் கொடுத்து, எல்லாம் ஒரே நேரத்தில் கணக்குப் போட்டு, கடைசியில் விடைகளை ஒன்றுசேர்க்க வேண்டும். ஒன்றுசேர்க்கும் வேலைக்கென்றே லைப்ரரி என்ற ஆயத்த புரோகிராம் தொகுப்பு ஒன்று இருக்கிறது. அதை புரோகிராமோடு இணைக்கும்போதுதான் வினை.

‘இந்தப் பெயரில் எதுவும் கிடைக்கவில்லை’ என்று எரர். ஒன்றைத் திருத்தினால் பத்து வந்து நின்றது.

காரணத்தை அவள் கண்டுபிடித்துவிட்டாள். எழுதியதைக் கம்ப்யூட்டர் மொழிக்கு மாற்றித் தருவது கம்பைலர். லைப்ரரியை ஒரு கம்பைலரிலும், புரோகிராமை வேறொரு கம்பைலரிலும் கட்டியிருந்தார்கள். ஒரே வேலையின் பெயரை இரண்டும் இரண்டு விதமாக எழுதிவைத்ததால், ஒன்றுக்கொன்று அடையாளம் தெரியவில்லை.

“எல்லாத்தையும் ஒரே கம்பைலர்ல முதல்லேர்ந்து கட்டணும் சார். நாளைக்குக் காலையில ரெடியாயிடும்” என்று அன்று காலையிலேயே சொல்லிப் பார்த்திருந்தாள்.

“நாளைக்கு யாருக்கும்மா வேணும்? விழா இன்னிக்கு!”

அப்படிச் சொல்லித்தான் டைரக்டர் வேலையைப் பிடுங்கி மின்னலிடம் கொடுத்திருந்தார். மின்னல், ஆபீஸ் வைத்த பெயர். எதைக் கொடுத்தாலும் கண்மூடித் திறப்பதற்குள் முடிப்பான். இதையும் முடித்துவிட்டான்.

பொறாமை என்றே வைத்துக்கொள்ளுங்கள். எல்லாரும் சாப்பிடப் போனதும், அவன் எழுதியதைத் திறந்து பார்த்தாள்.

திக்கென்றது.

கிடைக்காத பெயர்கள் அத்தனையும் அங்கே வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஓர் அடைப்புக்குறி திறந்து, உடனே மூடியிருந்தது. உள்ளே வேலை செய்கிற வரி ஒன்றுகூடக் கிடையாது. பெயர்தானே கேட்டாய், இந்தா பெயர் என்று தூக்கிப் போட்டிருந்தான்!

அப்படியானால் மற்ற கம்ப்யூட்டர்கள் போட்ட கணக்கு வந்து சேரவே இல்லை. மலையில் கொட்டுகிற மழை, அணையில் திறந்துவிட்ட தண்ணீர் எதுவுமே விடையில் இல்லை. ஒரே ஒரு துண்டு ஆற்றைப் பார்த்துவிட்டு, ‘அபாயம் இல்லை’ என்று திரையில் பச்சையாக எரிந்துகொண்டிருந்தது.

சாப்பாட்டு அறைக்குப் போய் மின்னலைப் பிடித்தாள்.

“என்னடா எழுதி வெச்சிருக்கே?”

“எரர் போகணும்னாங்க. போயிடுச்சு.” அவன் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “மேல எதுவும் கேக்காதீங்கக்கா.”

கால் தரையில் பாவாமல் டைரக்டர் அறைக்கு ஓடினாள்.

“சார், மோசம் போயிட்டோம்! மின்னல் உங்களை ஏமாத்திட்டான். எரரைத் தீர்க்கலை, அது வாயை அடைச்சு வெச்சிருக்கான். உள்ள எல்லாம் காலி!”

டைரக்டர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

“தெரியும். நான்தான் அப்படிச் செய்யச் சொன்னேன்.”

அவள் மேஜைக்கு இன்னும் கிட்டே வந்தாள்.

“சார்... மலையில ரெண்டு நாளா கொட்டுது. ஆத்தங்கரையில இருக்கிறவங்க நாம சொல்றதை நம்பி...”

“ஒரு ராத்திரி விஷயம்மா. நாளைக்கு நீ ஒழுங்கா கட்டினதை மாட்டிடலாம். இத்தனை வருஷ அனுபவத்துல சொல்றேன், இந்த மழைக்கெல்லாம் ஆறு கரையைத் தாண்டாது. வீணா பீதியைக் கிளப்பாதே. போய் முகத்தைக் கழுவிட்டு விழாவுக்கு வா.”

அவர் பேசிய நிதானத்தில் அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. அனுபவசாலி சொல்கிறார். நாம்தான் இல்லாததை எல்லாம் நினைத்துப் பதறுகிறோமோ?

மாலையில் மையத்தின் அரங்கம் நிரம்பி வழிந்தது. கடைசி வரிசையில் ஓர் இடம் கிடைத்தது. பக்கத்து நாற்காலியில் வயதான ஓர் அம்மா. காலடியில் இரண்டு பெட்டி, ஒரு போர்வை மூட்டை. மடியில் பெரிய சுவர்க் கடிகாரம் ஒன்று.

“வெளியூர் பயணமாம்மா?” என்று கேட்டாள்.

“அதெல்லாம் இல்லைம்மா. ஆத்தங்கரை வீட்டைக் காலி பண்ணிட்டு வந்துட்டேன். விழா முடிஞ்சதும் தம்பி வீட்டுக்குப் போகணும். என் தம்பி காலையில போன் பண்ணி, ‘அக்கா, தண்ணி உள்ள புகுந்துடும் போலிருக்கு, உடனே கிளம்பு’ன்னான். பக்கத்து வீட்டுல ஒரு வார்த்தை சொல்லட்டுமாடான்னு கேட்டேன். ‘மூச்சு விடாதே, என் வேலைக்கே உலை வெச்சிடாதே’ன்னுட்டான்.”

அவள் அந்த அம்மா பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

“உங்க தம்பி யாரும்மா?”

அந்த அம்மா பெருமையோடு மேடையைக் கைகாட்டினார்.

மேடையில் மைக்கோடு நின்றிருந்தார் டைரக்டர். “ஆகவே, ஆற்றங்கரை மக்கள் இன்று நிம்மதியாகத் தூங்கலாம்!”

கைதட்டல் கூரையைப் பிளந்தது.

எப்போது எழுந்தாள், யார் யார் காலை மிதித்தாள், அவளுக்கே தெரியாது. மேடை ஏறியிருந்தாள். பாராட்ட வருகிறாள் என்று நினைத்தாரோ என்னவோ, டைரக்டர் சிரித்துக்கொண்டே மைக்கை நீட்டினார்.

“கணக்கு இன்னும் முடியலைங்க” என்றாள் கேமராவைப் பார்த்து. “ஆனா, ஆத்தங்கரையில இருக்கிற டைரக்டரோட அக்கா காலையிலேயே வீட்டைக் காலி பண்ணிட்டாங்க. மத்தவங்களும் உடனே கிளம்பிடுங்க!”