மேல் வீட்டுச் சுத்தியல்

மறுபடியும் ஆரம்பித்துவிட்டான். டங், டங் என்று தலைக்கு மேல் சத்தம் கேட்டதும் பெர்னடெட் துடைப்பத்தைத் தலைகீழாகப் பிடித்து, மேற்கூரையை நாலு இடி இடித்தாள்.

அந்த நேரம் பார்த்து யாரோ கதவைத் தட்டினார்கள். நாற்பது வயதுக்காரர், கையில் ஸ்பானர். பிராங்க்ஸ் தெருவெல்லாம் முழங்கால் அளவு பனி கிடக்க, இவர் கோட்டுகூட இல்லாமல் வீட்டுச் செருப்போடு நின்றார். நீராவியால் அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரை ஒரு பார்வை பார்க்க வேண்டும் என்றார்.

படுக்கையறை சரியாகச் சூடாவதில்லை என்று வீட்டுக்காரருக்கு எழுதி ஒரு மாதம் ஆகிறது. ஒருவழியாக ஆள் அனுப்பினாரே என்று உள்ளே விட்டாள்.

விட்டாளே தவிர, அவள் வாய் ஓயவில்லை. நவம்பரில் மேல் வீட்டுக்கு வந்தானாம் ப்ரெலா என்று ஒருவன். தபால் பெட்டியில் பேரைப் பார்த்ததோடு சரி, முகத்தைப் பார்த்ததில்லை. விடிந்தும் விடியாமல் சுத்தியலை எடுத்துவிடுகிறான். நாலு புகார்க் கடிதம் எழுதிய பிறகுதான் வீட்டுக்காரருக்கு உறைத்தது. சனிக்கிழமைக்குள் காலி பண்ணச் சொல்லிவிட்டார்.

"கைக்குழந்தை இருக்காம். இருந்தா எனக்கென்ன? சுத்தியலைத் தூக்குறப்போ அது ஞாபகம் இல்லையா?"

வந்தவர் கை ஒரு கணம் நின்றது. பிறகு ரேடியேட்டரைத் தடவிப் பார்த்தார். வால்வுப் பக்கம் கொதித்தது, மறுமுனை ஜில்லென்று கிடந்தது. வால்வைத் திருகினீர்களா என்று கேட்டார்.

"ரொம்பச் சுட்டுது, நவம்பர்ல பாதி மூடினேன். தண்ணிக் குழாயைக் குறைக்கிற மாதிரி. அதுக்கென்ன இப்போ?"

"இதுக்கு இருக்கிறது ஒரே குழாய்மா. ஆவி ஏறுறதும் அதுலதான், தண்ணியா மாறி இறங்குறதும் அதுலதான். பாதி மூடினா ரெண்டும் முட்டிக்கிட்டு இடிக்கும், சத்தம் குழாயோட ஏறி மேலேர்ந்து வர்ற மாதிரி கேக்கும். முழுசாத் திறக்கணும், இல்ல முழுசா மூடணும்."

சொல்லிக்கொண்டே வால்வை முழுக்கத் திறந்தார். உள்ளே தேங்கியிருந்த தண்ணீர் களகளவென்று இறங்கியது. டங், டங் மெல்லக் குறைந்து, அடியோடு நின்றுபோனது.

பெர்னடெட் மேற்கூரையைப் பார்த்தாள், ரேடியேட்டரைப் பார்த்தாள். கோபம் தணியவில்லை. அதை யார் மேல் கொட்டுவது என்றுதான் தெரியவில்லை.

"சரி, டங் டங் இதுதான்னே வச்சுக்குவோம். அப்போ அந்த ஆள் காலையிலேர்ந்து மேல தடதடன்னு எதையோ இழுத்துக்கிட்டு என்னதான் பண்ணிட்டிருந்தான்?"

அவர் ஸ்பானரைக் கால்சட்டைப் பைக்குள் செருகினார்.

"மூட்டை கட்டிட்டிருந்தேன்மா."