கூடத்துக்கு ஒரு பல்பு

மூலக்குளத்துப் புது வீட்டில் பொழுது சாய்கிறது. உலகநாதன் ஸ்டூல்மேல் ஏறிக் கூடத்துக்கு வெள்ளை பல்பு மாட்டுகிறான். சந்தையில் மீன் விற்றுவிட்டு இப்போதுதான் கூடையை இறக்கிய அவன் மனைவி செல்வகுமாரி, வெளிச்சம் வந்ததும் கண்ணைச் சுருக்குகிறாள். “இன்னாய்யா இது, மார்க்கெட்டாட்டம்? வெள்ளை லைட்டு மீனுக்குய்யா. வாங்க வர்றவங்க மீனு புதுசான்னு செவுளத் தூக்கிப் பாப்பாங்க. வூட்ல யாரு பாக்கப் போறா?” அவன் சிரித்தபடி மஞ்சள் பல்பை மாட்டுகிறான். பெயின்ட் வாசம் போகாத சுவர், வெறுந்தரையில் நீட்டிய அவள் கால்கள், மணிக்கட்டில் ஒட்டியிருக்கும் ஒற்றைச் செதில், எல்லாம் தேன் நிறமாகின்றன. வெள்ளை பல்பைக் கையில் வைத்துக்கொண்டு, ஸ்டூலைவிட்டு இறங்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருக்கிறான். கூந்தலை அவிழ்த்து உதறிக்கொண்டே அவள் கேட்கிறாள்: “இன்னா, செவுளப் பாக்குறியா?”