அராவிய ஊசி

தாத்தா காலத்து இரட்டைக்குழல் துப்பாக்கியை வாங்க வந்தவர் அதைப் பிரித்துப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினார்.

"தோட்டாவ அடிக்கிற ரெண்டு ஊசியையும் யாரோ அராவியிருக்காங்க. விசைய இழுத்தாலும் வெடிக்காது. அசல் சாமான்ல கை வெச்சா பாதி மதிப்புகூடத் தேறாதுங்க."

அவருடைய கார் தெருமுனை திரும்பும்வரை ராசசிங்கம் வாசலில் நின்று பார்த்தார். பிறகு மனைவி பக்கம் திரும்பினார். அடி விழும் என்று மரகதவல்லி சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"எப்போ?" என்றார் தணிந்த குரலில்.

"ஆயுத பூஜைக்குத் துடைக்கச் சொல்லிக் குடுத்தீங்கல்ல, அப்பத்தான். குடிச்சிட்டு அத மடியில வெச்சுத் தடவிக்கிட்டே இருந்தீங்க. பயமா இருந்துச்சு."

அவர் முகத்தில் கோபமே இல்லை. வெகுநாள் குழப்பம் ஒன்று தீர்ந்தாற்போலத் தலையாட்டினார்.

"அதானா! கார்த்திகை அன்னிக்கு..." என்றவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

கார்த்திகை அன்று அவள் வாசலில் குனிந்து அகல் ஏற்றிக்கொண்டிருந்தாள். முதுகுக்குப் பின்னால் 'டக்'கென்று கேட்டது. அகல்கள் எடுப்பாகத் தெரியட்டும் என்று வாசல் லைட்டை அணைக்கிறார் போல என நினைத்தாள். இன்னொரு 'டக்' கேட்டது.

லைட் எரிந்துகொண்டேதான் இருந்தது.