கல் இருந்த இடம்

“கல்லே இல்லையேம்மா,” என்றார் மருத்துவர்.

ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்து மறுபடியும் பார்த்தார். இரண்டு சிறுநீரகங்களும் சுத்தமாக இருந்தன.

கணவனின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் கைகூப்பினாள்.

“கரைஞ்சே போச்சுங்களா டாக்டருங்க? தெனமும் வெறும் வயித்துல வாழைத்தண்டுச் சாறு குடுத்தனுங்க. மூஞ்சியச் சுளிப்பாருங்க. நான் விடறதில்லீங்க.”

“கரையலைம்மா. கல்லு இருந்ததுக்கு அடையாளமே இல்லை. எப்பவும் இருந்திருக்காது.”

கூப்பிய கைகள் சற்று நேரம் அப்படியே நின்றன. பிறகு பிரிந்தன.

அவன் மேசையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கல் என்ற சொல்லை வீட்டுக்குள் கொண்டுவந்தவன் அவன். கூடத்துக்கு ஏன் படுக்கையை மாற்றிக்கொண்டீர்கள் என்று அவள் கேட்ட அன்று சொன்னான். முழுப் பொய்யில்லை. ஆணுறுப்பின் தோலுக்கு அடியில், விரல் பட்ட இடத்தில், மொச்சை அளவில் ஒன்று கெட்டியாக இருந்தது. வலித்தது.

எந்த இடம் என்று மட்டும் சொல்லவில்லை.

அவர்கள் ஊரான கோபியில் கல் என்றால் சிறுநீரகக் கல்தான். இடத்தை அவளே நிரப்பிக்கொண்டாள். சந்தையில் தண்டு வாங்கினாள். நார் எடுத்தாள். அரைத்தாள். பிழிந்தாள். கல் கரைந்தால் படுக்கை உள்ளே திரும்பும்.

அவன் குடித்தான்.

பேருந்து நிலையச் சுவரில், விடுதி அறையில் தங்கி வைத்தியம் பார்ப்பவரின் சுவரொட்டியில், ஆண்களுக்கு வரும் நோய்களெல்லாம் சிவப்பு எழுத்தில் இருந்தன. யாரும் பார்க்காத நேரத்தில் படித்தான். அவனுடையது அதிலும் இல்லை.

ஒருநாள் வலி நின்றது. நின்றபோது உறுப்பு வளைந்திருந்தது. முதலில் கொஞ்சம். பிறகு, அவள் அருகில் போவதை நினைத்துப் பார்க்கவும் கூசும் அளவுக்கு.

சாறு போதவில்லை என்று முடிவுசெய்து, அவளே அவனை ஈரோட்டுக்கு அழைத்து வந்திருந்தாள்.

இப்போது கல் இல்லை.

அவள் அவன் பக்கம் திரும்பினாள். மகிழ்ச்சி வந்த வேகத்திலேயே அந்த முகத்தை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. கல் இல்லையென்றால் கூடத்தில் படுப்பதற்குக் காரணமும் இல்லை.

“நான் வெளிய இருக்கறனுங்க.”

யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. கதவு சாத்திக்கொண்டது.

மருத்துவரின் கை அழைப்பு மணியை நோக்கிப் போயிற்று.

“கல்லு இருக்குதுங்க,” என்றான் அவன். “நீங்க பார்த்த எடத்துல இல்லீங்க.”

கை நின்றது.

திரைக்குப் பின்னால் பரிசோதனை விரைவில் முடிந்தது. மருத்துவரின் குரலில் வியப்பு இல்லை. இரக்கமும் இல்லை. அவனுக்கு அது பெரிய உதவியாக இருந்தது.

“இது கல் இல்லைங்க. உள்ளுக்குள்ள தழும்பு மாதிரி இறுகியிருக்கு. அதுதான் ஒரு பக்கமா இழுக்குது. புற்றுநோய் இல்லை, பயப்படாதீங்க. சர்க்கரை இருக்கா?”

“இருக்குதுங்க.”

“சர்க்கரை இருக்கறவங்களுக்கு வரலாம். வலிச்சப்பவே வந்திருக்கணும். இவ்வளவு வளைய விடாமப் பார்த்திருக்கலாம். வலி நின்னா குணமாயிருச்சுன்னு அர்த்தமில்லை.”

வலித்த நாள்களில் அவன் சாறு குடித்துக்கொண்டிருந்தான்.

“ஆபரேஷன் இருக்குதுங்களா?”

“இருக்கு. நேராக்கலாம். நீளம் கொஞ்சம் குறையும். ஆனா வளைஞ்ச எல்லாருக்கும் கத்தி வைக்கறதில்லை. சேர முடியுதுன்னா அப்படியே விட்டுடலாம். முடியலைன்னாத்தான் ஆபரேஷன். முடியுதா?”

அவன் மறுபடியும் மேசையின் விளிம்பைப் பார்த்தான்.

“முயற்சியே பண்ணலையா?”

இல்லை என்று தலையசைத்தான்.

மருத்துவர் பேனாவை மூடினார்.

“அப்ப இது நீங்க ஒருத்தர் மட்டும் சொல்ற பதில் இல்லைங்க. அம்மாவை உள்ள கூப்பிடுங்க.”

வராண்டாவில் நாற்காலிகள் நிறைய ஆட்கள் இருந்தார்கள். அவள் சுவரோரம் நின்றிருந்தாள்.

கதவுக்கு வருவதற்குள் அவன் ஒரு வாக்கியம் அமைத்திருந்தான். ‘எனக்குத்தான்’ என்று தொடங்கும் வாக்கியம். அத்தனை முகங்களும் நிமிர்ந்தன. வாக்கியத்தின் கடைசிப் பகுதி மட்டுமே வெளியே வந்தது.

“உன்னைய உள்ள கூப்புடறாரு.”

அவள் அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கேள்வி இல்லை.

“எனக்குத் தெரியுமுங்க,” என்றாள், அவனுக்கு மட்டும் கேட்கும்படி. “கர்ப்பப்பையை எடுத்துப்போட்ட பொறகு என்னைய உங்களுக்கு ஆகறதில்லை. கல்லுன்னு நீங்க சொன்னப்ப, சரி, கல்லாவே இருக்கட்டும்னு நெனச்சுக்கிட்டனுங்க.”

அவன் வாயைத் திறந்தான்.

பக்கத்து நாற்காலிக்காரர் செல்போனைத் தாழ்த்தினார்.

அவள் காத்திருந்தாள். நிறையவே காத்திருந்தாள். பிறகு முந்தானையை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டு, அவனைக் கடந்து உள்ளே போனாள்.

அவன் கதவுக்கு வெளியிலேயே நின்றான்.

உள்ளேயிருந்து அவள் குரல் கேட்டது.

“எதுன்னாலும் எங்கிட்டயே சொல்லிப்போடுங்க டாக்டருங்க. அவரு பாவமுங்க.”